புது எஞ்சினும் ஒரு பொய்யும்

ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. நான் அப்போது ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக். பட்டறையை ஜப்பான் ராணுவம் எடுத்துக்கொண்டதால், முதலாளி ஓடிப்போன பிறகும் நாங்கள் வேலையை விட முடியவில்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்று, பெட்டிகூடப் பிரிக்காமல் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. எங்களை மேய்த்த ஜப்பானிய அதிகாரிக்கு அதன்மேல் ஒரே ஆசை. நான் ஒருவனாகத்தான் பாகங்களைச் சேர்த்து அதைப் பூட்டி முடித்தேன். அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் முடுக்கிய ஒவ்வொரு திருகையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது எஞ்சினை எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாது. உள்ளே உரசுகிற பாகங்கள் ஒன்றுக்கொன்று இணங்கி வரும்வரை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். அதை எனக்குத் தெரிந்த மலாயில் பயந்து பயந்து சொன்னேன். அதட்டுவார் என்று நினைத்தேன். மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டு, போகலாம் என்பதுபோல் "ஜாலான்" என்றார்.

கம்பார், தாப்பா எல்லாம் தாண்டி பீடோர் பக்கம் போனோம். சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் எஞ்சின் ரொம்பவே சூடேறிவிட்டது. ரப்பர் மரங்களின் நிழலில் நிறுத்தி ஆறவிட்டேன்.

அப்போதுதான் தோட்டத்து மண் சாலையிலிருந்து ஒரு ராணுவ லோரி வந்து, ஓடையோரம் தண்ணீர் பிடிக்க நின்றது. பின்னால் சயாமுக்குப் பிடித்த ஆட்கள் நிறைய. எல்லாரும் நம்மாட்கள். யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டேன்.

"மாப்ளே!"

நிமிர்ந்தேன். என் அக்காள் புருஷன். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுகிறவர். அக்காள் அப்போது நிறைமாதமாக இருந்தாள்.

யார் அது என்று அதிகாரி கேட்டார். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "பட்டறை ஆள், துவான். இந்த எஞ்சினைப் பூட்டினதே அவர்தான். ஊருக்கு வந்த இடத்தில் தவறுதலாகப் பிடித்துவிட்டார்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பூட்டியது யார் என்று இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர் ஆயிற்றே!

அதிகாரி என் முகத்தையே பார்த்தார். பிறகு விரலைச் சொடுக்கி மச்சானைக் கீழே இறங்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "டியாம்" என்றார். வாய் திறக்காதே என்று அர்த்தம். மச்சானிடம் எஞ்சினைக் காட்டி, இதற்கு என்ன கோளாறு என்று மலாயில் கேட்டார்.

மச்சான் அதுவரை மோட்டார் சைக்கிளைத் தொட்டதுகூட இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டதும் உதறிக்கொண்டு எழுந்தார்.

"பானாஸ், துவான். பாரு லாகி. பெலும் பியாசா" என்றார். சூடு ஐயா, இன்னும் புதுசு, பழகவில்லை.

அதைவிடச் சரியான பதிலை நானே சொல்லியிருக்க மாட்டேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. லோரிக்காரச் சிப்பாயிடம் ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னார். நாளைக்குப் பட்டறைக்கு வந்துவிடு என்று மச்சானிடம் மலாயில் சொன்னார். அவ்வளவுதான், விட்டுவிட்டார்.

லோரியில் இருந்த இன்னொருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கும் இஞ்சின் தெரியும்னு சொல்லுலா. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்குப்பா."

"துவான், இவரும்..." என்று ஆரம்பித்தேன். பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது. காதுக்குள் ரீங்காரம். லோரி கிளம்பிப் போகும்வரை அதிகாரி என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அப்புறம் எதுவும் நடக்காததுபோல வண்டியில் ஏறி, மெதுவாக ஓட்டு என்று கையை அசைத்தார்.

மச்சான் மறுநாள் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். "எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னா தெரியும் மாப்ளே? கை சுட்டுச்சு. வண்டி பளபளன்னு இருந்துச்சு. பார்த்ததைச் சொன்னேன்லா" என்றார்.

ஜப்பான்காரன் போகும்வரை அவர் அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருந்தார். எஞ்சின் வேலை ஒன்றும் செய்யாத அந்த மெக்கானிக்கை அதிகாரி தினமும் பார்த்தார். ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. பிறகு மாற்றலாகி, அந்த மோட்டார் சைக்கிளோடு எங்கேயோ போய்விட்டார்.

அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் சாமி கும்பிடும்போதெல்லாம் அந்த ஜப்பான்காரருக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாள். மச்சானோ அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அந்த லோரியில் போனவர்களில் ஒருவரைக்கூட மச்சான் மறுபடி பார்க்கவே இல்லை.

நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். பொய் என்று தெரிந்தே ஒருவரை விட்டவர், அடுத்தவருக்காக வாய் திறந்ததும் ஏன் அடித்தார்? அந்த அறை என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? இத்தனை வருஷம் யோசித்தும் பிடிபடவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, அக்காள் மகளின் முகமும் லோரிக் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கைகளும் ஒன்றாகவே கண்முன் வருகின்றன.