புங்க மரத்தடிக்கு வேலைக்குப் போனேன்

இருமலென்று போன என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டரம்மா, "எல்லாம் பஞ்சுத் தூசிங்கம்மா. தினமும் கொஞ்ச நேரம் மரம், செடி இருக்கற பக்கமாப் போய் உக்காருங்க" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன்.

"மரத்துக்கு எங்கீங்க அத்தை போறது? நம்ம வீதியில கரண்ட்டுக் கம்பந்தான் நிக்குது" என்றாள்.

நெருப்பெரிச்சல் பக்கம், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் நாங்கள் குடியிருக்கும் வீதி அப்படி. இந்தப் பக்கச் சன்னலைத் திறந்தால் பஞ்சு, அந்தப் பக்கம் திறந்தால் ஜெனரேட்டர் புகை. ஒரு துளசி வைத்தேன். ஒரே வாரத்தில் என் தலையைப் போல நரைத்துவிட்டது.

வீதி முனையில் பெரிய பனியன் கம்பெனி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பார்ப்பதற்கென்று முன்னால் புல் வளர்த்து, ஒரு புங்க மரமும் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் காலையில் கேட் வரைக்கும் போய் நின்றேன். உள்ளே விடுவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. வேற்று ஆளிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் கம்பெனி கேட்டில் ஒரு பொம்பளை வந்து நின்றால், அவள் வேறு எதற்கும் வந்திருக்க மாட்டாள்.

"வேலைக்குங்களாம்மா? வாங்க, வாங்க. ஆளு கெடைக்காமத் திண்டாடறாங்க" என்று வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார்.

இல்லீங்க என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது. புல்லைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, நேராக உள்ளே கூட்டிப்போய்ப் பிசிர் வெட்ட உட்கார வைத்துவிட்டார்கள். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குகிற வேலை. வீட்டில் பறப்பதைவிட அங்கே பஞ்சு அதிகம்.

"காத்து வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டு, கம்பெனிக்கா போனீங்க?" என்று மருமகள் சிரித்த சிரிப்பில் அவளுக்குச் சோறு புரையேறிவிட்டது.

டீ நேரத்திலாவது மரத்தடிக்குப் போகலாம் என்று மறுநாளும் போனேன். டீயை உள்ளேயே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இருமல்தான் கூடியது. சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். "என்ன பாட்டி, இந்த இருமு இருமுதிய?" என்று பக்கத்தில் வந்தாள்.

"நான் வேலைக்கு வரலீங்க கண்ணு. அந்த மரத்தடியில செத்த உக்காரலாம்னுதான் வந்தேன்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மொத நாளே சொல்ல வேண்டியதுதான? டேமேஜ் பீஸ் கொஞ்சம் தாரேன், அங்ஙன உக்காந்து வெட்டுங்க. நல்ல பீஸ்னா காக்கா எச்சம் போட்டுரும்."

ஆகாத பனியனுக்குப் பிசிர் வெட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். மேலே புங்கம்பூ உதிர்ந்தது. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரியவேயில்லை. இப்படி இருந்து எத்தனை காலமாயிற்று!

அந்த நேரம் பார்த்து முதலாளி கார் வந்து நின்றது. நல்ல மனுஷன். "வயசானவங்களை ஏப்பா வெளிய போட்டிருக்கீங்க? உள்ள ஃபேனுக்கடியில உக்கார வைங்க" என்று வாட்ச்மேனைச் சத்தம் போட்டார். வாட்ச்மேன் ஓடி வந்து என் பனியன் மூட்டையைத் தூக்கினார்.

"வேண்டாமுங்க சாமி! நான் வர மாட்டேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

முதலாளி என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "சரிங்கம்மா, இருங்க" என்று உள்ளே போனார்.

நான் அப்போது மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தேனாம். வாட்ச்மேன் இன்றைக்கும் எல்லாரிடமும் செய்து காட்டுகிறார்.