முதல் தீக்குச்சி

என் கணவருக்குத் தேநீர் உள்ளே போகாமல் பொழுது விடியாது. காஸ் சிலிண்டர்கள் அங்கும் இங்கும் வெடித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களிலும் இதில் மாற்றமில்லை. இரவு முழுக்கக் காஸ் கசிந்திருந்தால் காலையில் முதல் தீக்குச்சிக்குத்தான் வெடிக்கும் என்று வெள்ளவத்தை முழுவதும் ஒரே கதை. எங்கள் வீட்டு முதல் தீக்குச்சி அவருடைய தேநீருக்கு.

"ஒரு நாளைக்குத் தேத்தண்ணி குடிக்காட்டி என்னப்பா? உயிரே போகப்போகுது?"

"பேந்து சோறு காய்ச்சத்தானே வேணும். எப்பவோ ஒருக்காப் பத்தவைக்கத்தான் வேணும்," என்றார். அந்த மனுசனிடம் கதைத்து நான் ஒருநாளும் வென்றதில்லை.

ஆகவே ஒரு ஒழுங்கு வந்தது. யன்னல்களைத் திறப்போம். காஸ் குழாயில் சவர்க்காரத் தண்ணீரைப் பூசி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்போம். பிறகு அவர் பற்றவைக்கப் போவார். நான் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே மாடிப்படியில் நிற்பேன். இரண்டு பேரில் ஒருவராவது பிள்ளைக்கு மிஞ்ச வேண்டும். இதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கீழ்வீட்டுச் சிங்கள அம்மாவும் அதே நேரம் நைட்டியோடு படியில் நிற்பார். ஒருவரையொருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்போம்.

ஒரு காலை உள்ளே 'டமார்' என்று சத்தம். நான் பிள்ளையோடு கீழே ஓடியிருக்க வேண்டும். கால் எழவில்லை. அவள் என் கையை உதறிவிட்டு, "அப்பா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன்.

காற்றில் யன்னல் கதவு அடித்து, பால்மா டின்னைத் தள்ளிவிட்டிருந்தது. அவர் நெஞ்சிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றார். அடுப்பு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. "டின் விழுந்திட்டுது. வேறயொண்டுமில்லை," என்றார். அழுவதா ஏசுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

மறுநாள் நான் வாசற்கதவைத் திறந்தபோது மகள் வரவில்லை. குசினிக்குள் அடுப்பருகே, தகப்பன் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவோட வெளியில போங்கோ," என்றார்.

"மாட்டன். நீங்கள் வெடிச்சா நானும் வெடிக்கிறன்."

அவர் தீக்குச்சியை எடுத்தார். கை நடுங்கியது. இத்தனை நாளும் வெளியே நின்ற நான் அதைக் கண்டதேயில்லை. குச்சியைப் பெட்டியில் வைத்து உரசப்போனார், நிறுத்தினார், குனிந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு குச்சியைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டார்.

அன்று மூன்று பேரும் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்கும் பள்ளிக்கும் வெளிக்கிட்டோம்.