தெய்வம்மாவின் தையல் கொட்டகை

தெய்வம்மாவைச் சாது என்று அந்தக் காலனியில் யாரும் சொன்னதில்லை. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் கோபம் அடுப்பில் வைத்த பால் மாதிரி. பொங்கும், அடுத்த நிமிஷம் அடங்கிவிடும். சிலோனில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்து வலது காலை ஊனமாக்கிக்கொண்டவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். முப்பத்திரண்டு வயதில் இரண்டு பெண் பிள்ளைகளோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, எழுபத்தைந்தாம் வருஷம் குன்னூருக்குக் கீழே இருந்த காலனிக்கு வந்து சேர்ந்தாள். மலை ஏறி இறங்க முடியாதவளுக்கு எந்த எஸ்டேட்டில் பேர் போடுவார்கள்? தையல் ஒன்றுதான் கைவசம் இருந்தது.

அதனால், சிலோனிலிருந்து திரும்பிய பெண்களுக்கென்று தையல் சங்கம் தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தாள். எட்டுப் பெண்கள், நான்கு மிஷின், தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை ஒன்று. கிழக்கே ஒரு பெரிய ஜன்னல், மேற்கே அகலமான கதவு.

சாவி கைக்கு வந்த அன்றைக்கே இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய சாக்குகளைப் பிரித்துத் தைத்து, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கொட்டகையை எட்டுக் காம்பராவாக்கிவிட்டார்கள்! தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிற அறைக்கு அங்கே காம்பரா என்று பேர். மூன்று தலைமுறை அதற்குள்ளேயே பிறந்து செத்தவர்களுக்கு, தடுப்பில்லாத இடம் இடமாகவே தோன்றவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஜன்னலோரம் தெய்வம்மாவுக்கு விழுந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல். லயத்துக் காம்பராவில் ஏது ஜன்னல்? பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. மூலை இருட்டு எட்டுப் பேரில் ஒருத்தியான ஆண்டாயிக்குப் போயிற்று.

நான்கு மிஷினும் நான்கு காம்பராவுக்குள் சிக்கிக்கொண்டன. மற்ற நான்கு பேரும் சாக்குக்கு வெளியே, "அக்கா, முடிஞ்சிச்சா?" என்று காத்துக் கிடந்தார்கள். ஒருத்தி தைப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. ஊட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நூற்றிருபது கரும்பச்சைப் பாவாடை தைத்து அனுப்பினார்கள். பத்தாம் நாள் அத்தனையும் மூட்டையாகத் திரும்பி வந்துவிட்டது. ஒருத்தி ஆறு மடிப்பு வைத்திருந்தாள், இன்னொருத்தி எட்டு. ஆண்டாயி தைத்ததில் எல்லாம் கருநீல நூல் ஓடியிருந்தது.

சங்கத்தைக் கவனித்துக்கொண்ட அலுவலர் நஞ்சப்பன், கோயம்புத்தூர்க்காரர், மூட்டையைப் பிரித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, சங்கம்னு பேரு ஒண்ணு, எட்டு ஊட்டுச் சமையலாட்டம் இருக்குதே! பதினஞ்சு நாள் டைம் வாங்கியிருக்கறனுங்க. அதுக்குள்ள சரி பண்ணிப் போடுங்க. இல்லாட்டிப் போனா இந்தக் கொட்டகைய உர மூட்டை அடுக்கக் கேட்டுட்டிருக்காங்க. அப்புறம் என் கையில ஒண்ணுமில்லீங்க."

ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு பங்களாவில் தங்கி வேலை பார்க்கத் தெய்வம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயசு, இளையவளுக்கு ஆறு. கொட்டகை போனால் அந்த வேலைக்குத்தான் போயாக வேண்டும். பெற்றதுகளை எங்கே விட்டுப் போவாள்?

அந்தப் பயத்தை எல்லாம் ஆண்டாயி மேல் கொட்டினாள்.

"பச்சை நூலுக்கும் நீல நூலுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு? கண்ண எங்க வச்சிருந்த?"

ஆண்டாயி பதிலுக்குக் கத்தவில்லை. "நீயே வந்து ஒக்காந்து பாரேன்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

தெய்வம்மா உட்கார்ந்தாள். இரண்டு நூல்கண்டையும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் கறுப்பாகத் தெரிந்தன. தலையை நிமிர்த்தியபோது எதிரே, ஜன்னலை மறைத்துக்கொண்டு, அவளுடைய சாக்கே தொங்கியது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

அதற்காக ஜன்னலை விட்டுக்கொடுக்க உடனே மனசு வந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஜன்னலடியில் போய் உட்கார்ந்து, ஆண்டாயி தைத்த பாவாடை ஒன்றின் நீல நூலை முழுசாகப் பிரித்து முடித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். வெளிச்சம் ஆண்டாயியின் மூலை வரைக்கும் போய் விழுந்தது.

"அடியே, எங்க காம்பராவ அறுக்க நீ யாரு?" என்று ஒருத்தி பாய்ந்தாள். "என்னோடத நான் அறுத்தேன். ஒன்னோடத நீ பாத்துக்க" என்றாள் தெய்வம்மா. வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொருத்தியாகத் தன் சாக்கை அவிழ்க்க, மத்தியானத்துக்குள் எட்டுக் காம்பராவும் போய்விட்டன.

மறுநாள் காலனித் தச்சர் பொன்னுத்துரை பாஸைப் பிடித்தாள். கைவேலைக்காரரைப் பாஸ் என்பது சிலோன் பழக்கம்.

"பாஸ், தையலுக்கு எட்டு மேசை வேணும், எல்லாம் ஒரே ஒசரமா. ரெண்டு பொம்பளைங்க தூக்குற கனந்தான் இருக்கணும். தரையோட ஆணி கீணி அடிச்சிராதீங்க."

"மேசைன்னா ஒரு எடத்துல நிக்கணும் புள்ள. இதென்னா ஆட்டுக்குட்டியா, அங்கிட்டும் இங்கிட்டும் ஓட?"

"வெளிச்சம் மட்டும் ஒரு எடத்துலயா நிக்குது பாஸ்?"

மனுஷர் சிரித்துக்கொண்டே அளவெடுத்தார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைதான், நாலே நாளில் செய்து கொடுத்துவிட்டார். காலையில் மேசைகள் ஜன்னலடியில் நின்றன, மத்தியானத்துக்கு மேல் கதவுப் பக்கம் நகர்ந்தன. பிரித்த துணியைத் திரும்ப வெட்டும்போது நாலை ஒன்றாகச் சேர்த்தால் ஒரே பெரிய மேசை. எல்லாப் பாவாடைக்கும் ஒரே அளவு, ஆறே மடிப்பு. மஞ்சு இறங்கிக் கை விறைக்கிற நாளில் கரியடுப்பைச் சுற்றி எட்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி வெட்ட, ஒருத்தி மடிப்பு வைக்க, இன்னொருத்தி மிஷின் ஓட்ட, ஊர்க்கதையும் கூடவே ஓடியது. "ஏய், ஏழாவது மடிப்பு போகுது பாரு" என்று பக்கத்துக் கண் பிடித்துவிடும். சண்டையும் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் முகத்தைப் பார்த்துப் போட்ட சண்டை, டீத்தண்ணி குடிப்பதற்குள் தீர்ந்தது.

பதினைந்தாம் நாள் நஞ்சப்பன் வந்தார். பாவாடைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். எட்டு உறுப்பினர், எட்டுப் பேருக்கும் ஒதுக்கிய இடம் எது என்று எழுத வேண்டுமாம். எழுதாமல் மேலே அனுப்ப முடியாதாம்.

"ஏனுங்க அம்மிணி, இதுல உங்க எடம் எதுங்க?"

கடலுக்கு அந்தப் பக்கம், சிலோனில், தெய்வம்மாவை ஒரு மேசைக்கு முன்னால் நிற்க வைத்து இதே கேள்வியைக் கேட்டு, இது உன் இடம் இல்லை என்று அனுப்பினார்கள். இந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி கேட்டார்கள். இரண்டு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தைத்தான் நீட்டினாள். இப்போது தப்பாகச் சொல்லிக் கொட்டகை போய்விட்டால்? ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஆண்டாயி உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கதவுலருந்து அந்த ஜன்னல் வரைக்கும் சார்" என்றாள். "எனக்கும் அதான், எட்டுப் பேருக்கும் அதான்."

நஞ்சப்பன் பேனாவைக் கடித்தபடி கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்து, 'கொட்டகை முழுவதும்' என்று எழுதிக் காட்டினார். தெய்வம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அவர் பேனாவை மூடப் போனார்.

"மூடிறாதீங்க சார். இசக்கியம்மான்னு ஒருத்தி ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கா, காம்பரா இல்லன்னு நாங்கதான் திருப்பி அனுப்பிச்சோம். அவ பேரையும் எழுதிக்கிங்க. எடம் இருக்கு."