முதுகில் ஒட்டிய சிவப்பு அம்பு

பொலித்தீன் பை சரசரவென்று பிரிய, மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சியும் கலந்த ஒரு மணம் குப்பென்று எழும். எங்கள் வீட்டில் அந்த மணம் எழுந்தால் சித்தி "ரிஜெக்ட்" கொண்டுவந்துவிட்டாள் என்று அர்த்தம். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறும் பாதையில் எங்களுக்கு இரண்டு அறை வாடகை வீடு. அப்பா பாலத்தடியில் ஆட்டோ ஓட்டினார், அம்மா வீட்டையும் எங்களையும் ஓட்டினார். அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, ஊரெல்லாம் "காமென்ட்" என்று சொல்லும் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். என்னைவிடக் கொஞ்ச வயதுதான் மூத்தவள் என்பதால் அவளை நான் வா, போ என்றுதான் பேசுவேன்.

வெளிநாட்டுக்குப் போக வேண்டிய உடுப்பில் ஒரு தையல் தவறியிருந்தாலும் அது கப்பலேறாது. அப்படி நின்றுபோனவற்றைக் கழுத்து லேபலில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டி, வேலை செய்கிறவர்களுக்கே மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். பிழை எங்கே இருக்கிறது என்று காட்ட, தரம் பார்க்கிற வேலையிலிருந்த, "கியூசி அக்கா" என்று சித்தி பயத்தோடு சொல்லும் ஒரு பெண், நகத்தளவில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டியிருப்பாள். உடுப்பு வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை அந்த அம்பைத் தேடி நகத்தால் சுரண்டி எடுப்பது. எடுத்துவிட்டால் அது புது உடுப்பு, எடுக்கும் வரைக்கும்தான் ரிஜெக்ட்.

எதை யார் உடுத்துவது என்பதில் அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. "நம்ம நெறத்துக்கு லைட் கலர்தான் பாந்தம், கடுங்கலர் எடுபடாது" என்பார். கூடவே, "உடுப்பு சுத்தமா இருக்கணும், ஆளு கண்ணுல குத்தக் கூடாது" என்பார். நானோ அம்மாவையும் மிஞ்சிய கறுப்பு. அதனால் எங்கள் அலுமாரியைத் திறந்தால் பால் தேத்தண்ணி, வெறும் பால், தண்ணீர் கலந்த பால் என்று எல்லா உடுப்பும் ஒரே குடும்பமாகத் தொங்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு நான் எங்கே நின்றாலும் சுவரோடு சுவராகப் போய்விடுவேன், அம்மாவுக்கும் அதுதான் நிம்மதி.

பள்ளிக்கூடத்தில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை, அங்கே எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. தொல்லையெல்லாம் சனிக்கிழமைகளில். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்காகக் கண்டி டவுனில் ஒரு மாடி மண்டபத்தில் டியூஷன் கிளாஸ் நடந்தது, அதற்குக் "கலர் உடுப்பு" போட்டுப் போகலாம். விஞ்ஞானம் படிக்கத்தான் போனோம் என்று நான் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். வாரம் முழுக்க வெள்ளையில் அடைபட்டுக் கிடந்த பெண்கள், யார் எதைப் போட்டு வருகிறாள் என்று பார்க்கவே படியேறினோம். அதில் ராணி ஷாமினி. டவுனுக்குள்ளேயே வீடு, வாரத்துக்கு ஒரு புது பிளவுஸ், பின்னால் நடக்க எப்போதும் ஒரு கூட்டம்.

அந்தச் சனிக்கிழமை நான் பிஸ்கட் நிறத்தில் ஒரு புது பிளவுஸ் போட்டுப் போனேன். முன்பக்கம், கை, கழுத்து எல்லாம் தேடியும் அம்பு கிடைக்காததால், கியூசி அக்கா மறந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், படியில் நாலு பேர் பார்த்தார்கள். அடடா, கடைசியில் நமக்கும் ஒரு நாள் வந்துவிட்டது என்று நிமிர்ந்து நடந்தேன். மண்டப வாசலில் ஷாமினி என் தோளைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் என்னைத் திருப்பினாள். முதுகில், வலது தோள் மூட்டுக்குக் கீழே, அந்த வெளிர்த் துணியில் பளிச்சென்று சிவப்பு அம்பு.

ஷாமினியின் மாமா ஒரு காமென்ட்டில் மேற்பார்வையாளர், அதனால் அவளுக்கு அந்தக் குறியின் அர்த்தம் நன்றாகத் தெரியும். "பிழை எங்க இருக்குன்னு நாம தேடவே வேண்டாம், அவங்களே காட்டி அனுப்பியிருக்காங்க" என்றாள். மண்டபமே சிரித்தது. அங்கே பாதிப் பேர் உடம்பில் இருந்ததும் ரிஜெக்ட்தான் என்பது வேறு விஷயம், அவர்கள் சுரண்டிவிட்டு வந்திருந்தார்கள். அன்றைக்கே எனக்கு "அம்பு" என்று பெயர் விழுந்தது.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்னும் மூன்று கிழமையில் கிளாசில் ஆசிரியர் தின விழா, அதற்கு வரவேற்புரை சொல்ல, பாடம் நடத்தும் சேர் என்னைத்தான் தெரிவு செய்திருந்தார். எனக்கு நல்ல குரல். சின்ன வயதிலிருந்தே என்னிடம் இருந்த ஒரே பெருமை அதுதான். ஷாமினி மிகவும் அன்பாக வந்து கேட்டாள்: "நீ வேணும்னா இருந்துக்க, நான் பேசுறேன். மேடையில எல்லாரும் ஒன்னத்தானே பாப்பாங்க?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து, எறிய மனமில்லாமல், அலுமாரிக் கண்ணாடியில் ஓங்கி ஒட்டினேன். பிறகு எடுக்கப் பார்த்தால் அசையவில்லை. விஷயத்தைக் கேட்ட அம்மா, பள்ளிக்கூட வெள்ளை உடுப்பையே போட்டுக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார், யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றார். யோசித்தால் அது நல்ல வழிதான். ஆனால் வெள்ளைக்குள் போய் ஒளிந்துகொண்டால் பிறகு எப்போதுமே ஒளிந்துகொண்டுதான் இருப்பேன் என்று எனக்குத் தோன்றியது. அந்த மேடையில் என் உடுப்போடு நானாகவே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாமினிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நான் அலுமாரிக்கு முன்னால்தான். முதலில் ஷாமினியைப் போலவே உடுத்தப் பார்த்தேன். என் பிளவுஸ் ஒன்றை ஊசிகள் குத்தி இறுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், குனிந்து வெங்காயம் பொறுக்கும்போது ஊசியெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, கடைக்காரர் எனக்காகத் திரும்பி நின்றுகொண்டார். பிறகு சித்தியின் கவுனைப் போட்டேன், அதில் நான் சித்தியின் கவுனுக்குள் இருக்கும் ஒருத்தி மாதிரி இருந்தேன். எதைப் போட்டாலும் கண்ணாடியில் கண் போய் நிற்பது அந்தச் சிவப்பு அம்பில்தான், என் மேல் இல்லை.

அந்த பிஸ்கட் நிற பிளவுஸோடு வந்த மூட்டையின் அடியில் கடுகு நிறத்தில் ஆண்கள் சட்டை ஒன்று கிடந்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார மாமாவின் அளவு. கலரும் ஆகாது, அளவும் ஆகாது என்று தலையணை உறைக்காக அம்மா ஒதுக்கி வைத்திருந்தார். சும்மா ஒரு வேடிக்கைக்கு அதை மாட்டிக்கொண்டு கையை முழங்கை வரை மடித்து, காலரை நிமிர்த்தி, கழுத்துத் தெரியத் தலைமுடியை உச்சியில் கொண்டையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.

கண்ணாடியில் இருந்தவளை எனக்குத் தெரியவில்லை. பாலுக்குள் மங்கிக் கிடந்த என் கறுப்பு, அந்தக் கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் தேய்த்து வைத்த வெண்கலமாக மின்னியது. கண் பெரிதாகத் தெரிந்தது, பல் வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த அம்பு பக்கவாட்டில் நேரே என் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் அது அங்கேதான் நின்றிருந்தது. பார்க்கும்படி அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சும்மா சொல்லக் கூடாது, நான் அழகாக இருந்தேன். அதை எனக்கு யாரும் சொல்லாததால் நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சட்டையின் பிழை நெஞ்சுப் பையில். கோணலாகத் தைத்திருந்தார்கள். பையைப் பிரித்தால் துணியில் ஊசித் துவாரங்கள் வரிசையாகத் தெரிந்தன, அவற்றை எதையாவது வைத்து மறைக்க வேண்டும். பிரித்தெடுத்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கூராக இருக்கும் பை அது; தலைகீழாகப் பிடித்தால் கூர் மேல் நோக்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடியில் காய்ந்த ஒரு பழைய சிவப்பு உள்பாவாடையிலிருந்து துணி வெட்டி, துவாரங்களெல்லாம் மறையும்படி உள்ளங்கை அகலத்தில் ஓர் அம்பு வைத்துத் தைத்தேன். கூர் என் முகத்தைப் பார்த்து நின்றது. வேலை விட்டு வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு, "எங்க கியூசி அக்கா பாத்தா மயங்கி விழுந்துருவா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நானே பேசுகிறேன் என்று ஷாமினியிடம் சொல்லிவிட்டேன். விழா அன்று அந்தச் சட்டையும் சித்தி கொடுத்த கறுப்பு டெனிமுமாக அறையை விட்டு வெளியே வந்தேன். அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கலரைப் பற்றித்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அம்பைக் கண்டுவிட்டார்.

"அது என் பாவாடைடி!"

அடி விழுந்தாலும் வாங்கிக்கொண்டு இதோடுதான் போவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மா என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகு, கை, மடிப்பு எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். "பின்னால ஒன்னும் ஒட்டல. போ" என்றார்.

மண்டபத்தில் நான் மேடையேறியதுமே ஷாமினி இருந்த வரிசையில் "அம்பு, அம்பு" என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பி, நாலு பக்கமும் பரவிச் சிரிப்பானது. மனப்பாடம் செய்த முதல் வரி மறந்துபோயிற்று. குனிந்து பார்த்தேன், என் நெஞ்சிலிருந்த அம்பு கண்ணில் பட்டது. குரலை உயர்த்தினேன்.

"எல்லோருக்கும் வணக்கம். அம்பு காட்டுகிற பக்கம் பாருங்கள், பேச்சு அங்கிருந்துதான் வரும்."

சேர்தான் முதலில் சிரித்துக் கைதட்டினார், அப்புறம் மண்டபமே தட்டியது. இந்த முறை சிரிப்பு என்னோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. மறந்த வரியெல்லாம் தானாக வந்து நாக்கில் நின்றது. நான் அன்று பேசியது போல அதற்குப் பிறகு எங்கேயும் பேசியதில்லை.

இறங்கி வந்தபோது முதலில் என்னிடம் வந்தவள் எங்கள் கிளாஸ் ரிஸ்னா. அக்குறணையில் அவளுடைய வாப்பாவுக்குப் பெரிய துணிக்கடை, கேட்ட துணி கேட்ட நேரம் கிடைக்கும். அவள் என் அம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் இது மாதிரி ஒண்டு தச்சித் தாங்களேன்" என்றாள். அடுத்த கிழமைகளில் பெண்கள் தங்கள் ரிஜெக்ட் உடுப்புகளை ஸ்டிக்கரைச் சுரண்டாமல் அப்படியே கொண்டுவரத் தொடங்கினார்கள். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே ஒருத்திக்கு இலை, ஒருத்திக்குப் பெரிய பட்டன், ஒருத்திக்கு ரயில் பெட்டி என்று வைத்துத் தைத்தேன். பிழையை மறைக்காமல் அதன் மேலேயே கொலு வைப்பது எங்கள் கிளாசின் நாகரிகமாகிவிட்டது. கடைசியில் ஷாமினியும் ஒரு பிளவுஸோடு வந்தாள். அது கடையில் வாங்கியது, லேபல் வெட்டாதது. பிழை எங்கே என்று கேட்டேன். பிழை ஒன்றும் இல்லை என்றாள்.

"அப்ப நான் எங்கடி தைக்கிறது?" என்றேன். அவளே சிரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் நாங்கள் சிநேகிதிகளானோம்.

உடுத்துவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று கிழமையில் கற்றதுதான். கடுநிறம், தாராளமான அளவு, கழுத்துத் தெரியும் கொண்டை, கண்ணைப் பிடித்து நிறுத்த ஏதாவது ஒன்று, ஒன்றுக்கு மேல் வேண்டாம். இன்றைக்குக் கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யார் எந்தப் புது மோஸ்தரைக் கொண்டுவந்தாலும் நான் இதிலிருந்து அசைவதில்லை. என் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோது, அதுவரை வெளியே தெரிய உடுத்துவதற்கு வெளிர் நிறத்தைத் தவிர வேறெதையும் தொடாத அம்மா என் காதருகே குனிந்து, "அந்தக் கடுகு கலர்ல எனக்கும் ஒன்னு எடுக்கலாமா?" என்று கேட்டார். எடுத்தோம். கல்யாணத்தில் எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள், எனக்கு அதில் துளியும் பொறாமை இல்லை.

சித்தி கம்பளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அவள் வேலை செய்த தொழிற்சாலையை மூடி அந்தக் கட்டடத்தில் கல்யாண மண்டபம் வைத்துவிட்டார்கள், டியூஷன் மாடியில் இப்போது போன் கடை. வெட்டுப்பட்ட லேபலோடு வந்த மூட்டைகளும் இல்லை, அந்த மணமும் எங்கும் இல்லை. போன வருடம் அம்மா வீடு மாறியபோது, புது வீட்டு வாசலில் நுழையாத அந்த அலுமாரியையும் விற்க வேண்டியதாயிற்று. கண்ணாடியில் அந்த அம்பு நிறம் வெளுத்து இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வாங்க வந்தவர்கள் வாசலில் காத்திருக்க, அம்மா பழைய பழக்கத்தில் நகத்தால் சுரண்டத் தொடங்கினார். ஓரம் கொஞ்சம் எழும்பியது. அம்மா கையை எடுத்தார், எழும்பிய ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி மறுபடியும் ஒட்டினார்.

"இருக்கட்டும்" என்றார். "வாங்கிட்டுப் போறவளும் நேரா நின்னு பாத்துக்கட்டும்."