அட்டையின் வெள்ளைப் பக்கம்

என் பட்டறை மாடியில் ஏறி நின்றால் அந்த மாநாட்டு மண்டபத்தின் கூரை தெரியும். தாராவிக்கும் அதற்கும் நடுவில் நாறுகிற ஒரு ஆறும் ஒரு பாலமும் கொஞ்சம் கண்ணாடிக் கட்டடங்களும்தான். எங்கள் சந்தில் யாரும் அதை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சென்டர் என்றால் அதுதான். அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள நாங்கள் பேப்பர் பார்ப்பதும் இல்லை. டி ஜங்ஷன் வரைக்கும் பெரிய கார்கள் முட்டிக்கொண்டு நின்றால் வைர வியாபாரிகள். பூ லாரி போனால் பணக்கார வீட்டுக் கல்யாணம். எங்கள் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனால், டாக்டர்கள் கூடிக் கலைந்திருக்கிறார்கள். மிஞ்சிய பைகளை அங்கே கூட்டிப் பெருக்கப் போகிறவர்கள் அள்ளி வருவார்கள். என் பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் சிறுநீரக மாநாட்டுப் பையில்தான் மீன் வாங்கி வருகிறாள்.

இத்தனை வருஷம் கூரையைப் பார்த்திருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. என் தங்கச்சி போகும் வரைக்கும்.

என் புருஷன் மௌத்தான பிறகு தோல் பை தைக்கும் பட்டறையை நான்தான் நடத்துகிறேன். தங்கச்சி என்னைவிட எட்டு வயசு இளையவள். நான் படிக்கிற காலத்தில் வீட்டில் கஷ்டம். அவள் படிக்கிற காலத்தில் வாப்பா கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தார், அதனால் அவளுக்கு இங்கிலீஷ் ஸ்கூல். கட்டிக்கொடுத்ததும் நவி மும்பை சான்பாடாவில், லிப்ட் வைத்த பிளாட்டில். நான் தைக்கிற பைகளை அவள் போனிலேயே படம் போட்டு விற்பாள். பையின் உள்ளே அவள் கம்பெனிப் பெயர் போட்ட சின்னத் துணி இருக்கும், அதையும் நான்தான் தைப்பேன். இதில் என்னை யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவள் நன்றாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லத் தெரியும். எனக்கும் சொல்லத் தெரியும்.

போன பெருநாளுக்கு வந்தபோது அவள் கையைக்கூடக் கழுவாமல் சொன்னாள்.

“லாத்தா, சென்டர்ல மூணு நாள் எக்ஸிபிஷன். நமக்கு ஸ்டால் கெடச்சிருக்கு.”

அக்காவை எங்கள் வீட்டில் லாத்தா என்றுதான் சொல்வோம். அந்த ‘நமக்கு’ என்ற வார்த்தையில் நான் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன். அந்த எக்ஸிபிஷனுக்கென்றே புது மாடல் ஒன்று வெட்டினேன். மூடி நேராக இல்லாமல் தோளிலிருந்து வழிந்து இறங்குகிற மாதிரி வளைவாக வரும். அந்த வளைவு சரியாக விழுவதற்குள் நல்ல தோலாக மூன்றைக் கெடுத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தாள். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.

பிறகு ஒரு நாள் கழுத்தில் மாட்டுகிற அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே அவள் கம்பெனிப் பெயர் பெரிதாக. நடுவில் என் பெயர். அதற்குக் கீழே ஸ்டாஃப் என்று போட்டிருந்தது.

“ஃபார்ம்ல ஓனர்னு ஒரு ஆளைத்தான் போட விடுதான் லாத்தா. பாக்கி எல்லாம் ஸ்டாஃப்தான்.”

“அதுக்கென்னட்டி” என்றேன். அவள் போனதும் அட்டையைத் திருப்பி ஆணியில் மாட்டினேன். பின்பக்கம் வெறும் வெள்ளை.

எக்ஸிபிஷன் தொடங்கிய முதல் நாள் பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன். அந்த வளைந்த மூடிப் பை அப்போதுதான் முடிந்து என் மடியில் இருந்தது.

“லாத்தா, பன்னண்டு மணிக்குப் பெரிய கடைக்குச் சரக்கெடுக்குற பையர் ஒரு மேடம் வாறாங்க. அந்தப் பை மட்டும் இருந்தாப் போதும், மத்தத நான் பாத்துக்கிடுதேன். ஜல்தி வந்துரு. டாக்ஸி பிடிச்சுக்கோ, நடந்து வராத.”

வெறும் இருபது நிமிஷ நடை. நடந்து வருகிறவளுக்கு அந்த வாசலில் மதிப்பில்லை என்று நினைத்துச் சொல்கிறாள். எனக்கு அது ஊசி மாதிரி இறங்கியது. அட்டையை வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு நடந்தேன். பாலத்தைத் தாண்டினேன். பதினொன்றரைக்கே சென்டர் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப். அதில் உட்கார்ந்தேன்.

கால் வலிக்கவில்லை. மயக்கம் வரவில்லை. வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன். என் வளைவுக்கு அவள் ஏன் ஓனராக வேண்டும்? அந்த மேடம் கையைக் குலுக்கும்போது குலுங்குகிற கை ஏன் அவள் கையாக இருக்க வேண்டும்? இப்படியே மனசு ஓடியது. தானும் படுக்காது தள்ளியும் படுக்காது என்று உம்மா யாரையோ திட்டுவாள். அன்றைக்கு அது நான்தான். போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை எடுத்தேன்.

“லாத்தா, எங்க நிக்க?”

“கேட்ல நிக்கேன். விட மாட்டேங்காவ.”

பொய் தன்னால் வந்தது. போனை வைத்துவிட்டு, பன்னிரண்டரை ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வாசலில் பெண்களைச் சோதிக்கத் தனி வரிசை. காவலுக்கு நின்றவளுக்கு முப்பது வயசு இருக்கும். என் கழுத்தைப் பார்த்ததும், “ஆன்டி, உல்டா ஹை” என்று சிரித்துக்கொண்டே தன் விரலால் அட்டையைத் திருப்பிவிட்டாள். என் பெயரை எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தாள். பையை வாங்கி, சோதிக்கிற சாக்கில் அந்த மூடியை இரண்டு தடவை தடவினாள். இதை யார் செய்தது என்று ஹிந்தியில் கேட்டாள். நான்தான் என்றேன். அப்படியா என்று இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நாலு பேரை ஒதுக்கி என்னை முதலில் உள்ளே அனுப்பினாள். அவ்வளவு பெரிய சென்டரில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

தங்கச்சி ஸ்டாலில் தனியாக நின்றிருந்தாள். போனில் படம் காட்டினாளாம். தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று அந்த மேடம் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார். அவள் அழவில்லை. பையை வாங்கி மேஜை நடுவில் வைத்து மூடியைச் சரிசெய்தாள்.

“யாரு கண்ணு பட்டுச்சோ லாத்தா” என்றாள்.

நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, “கேட்ல எவ்வளவு நேரம் நிறுத்துனாவ?” என்று கேட்டாள்.

“முக்கா மணி நேரம் இருக்கும்.”

சின்ன வயசிலிருந்து எனக்கு ஒன்றென்றால் அவளுக்குப் பொறுக்காது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. விறுவிறுவென்று போனாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“சென்டர் ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். நடந்து வந்தா ஸ்டாஃப்னு எளக்காரமா? எங்க லாத்தா இல்லன்னா இந்த ஸ்டாலே இல்லன்னு சொன்னேன். இனி ஒன்னய ஒருத்தரும் நிறுத்த மாட்டாவ.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் விழுங்கிவிட்டேன். மறுநாள் பெண்கள் வரிசையில் வேறு ஒருத்தி நின்றாள். என் அட்டை அன்றைக்கும் திரும்பித்தான் கிடந்தது. அவள் அதைத் திருப்பவில்லை. கையை மட்டும் அசைத்து உள்ளே விட்டாள்.

வளைந்த மூடிப் பை விற்கவில்லை. பட்டறையில் தொங்குகிறது. தங்கச்சி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் லாத்தாவுக்காகச் சண்டை போட்ட கதையைச் சொல்கிறாள், நானும் கூட இருந்து ஆமாம் போடுகிறேன்.

இரண்டு மாசம் கழித்து டி ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். சாதாரணச் சேலையில் இருந்ததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சென்டர் வாசலில் என் அட்டையைத் திருப்பிவிட்டவள். அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். இன்னும் சென்டரில்தானா என்று கேட்டேன். இல்லை ஆன்டி, யாரோ கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், யார் என்றுகூடத் தெரியாது, இப்போது வேறு வேலை தேடுகிறேன் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்டி, வோ பேக் பிக் கயா?”

அந்தப் பை விற்றதா என்று கேட்கிறாள். விற்றுவிட்டது என்றேன்.

“முஜே பதா தா” என்றாள். அவளுக்குத் தெரியுமாம். தன் வீட்டுப் பை விற்றது மாதிரி அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தில் ஒரு துளி வயிற்றெரிச்சலாவது இருக்காதா என்று, அவளுடைய பஸ் வருகிற வரைக்கும் நான் தேடினேன்.