ரிப்பன் சாரின் துறைமுகம்

தினமும் காலையில் ரிப்பன் சார் நேற்றைய செய்தித்தாளின் ஓரத்தை நறுக்கிப் பார்க்கிறார். கத்தரிக்கோல் நன்றாக வெட்டுகிறது. வெட்டிய துண்டைக் கூடையில் போட்டு, கத்தரிக்கோலைத் துணியால் துடைத்து, வெல்வெட் விரித்த தட்டில் வைத்து, தட்டை அலமாரிக்குள் பத்திரமாகப் பூட்டுகிறார். அதன் பிறகுதான், "என்னய்யா, கப்பல் எதாவது வந்திருக்கா?" என்று கேட்பார். வந்திருக்கும். திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். ஆனால் அவர் நாற்காலி கடலுக்கு முதுகு காட்டிக் கிடக்கிறது. ஏன் என்று கேட்டால், "கண்ணு கூசுது சார்" என்பார்.

இந்தச் சின்னத் துறைமுகத்துக்கு அவர்தான் மேலாளர். பெரிய கப்பல் எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. சிமெண்ட், உப்பு, மரம் ஏற்றி வரும் சிறு கப்பல்கள், மீன்பிடி விசைப்படகுகள், இரண்டு கிடங்குகள், ஒரு கிரேன். இவ்வளவுதான் ராஜ்யம். நான் சரக்கு முகவர். முத்திரை வாங்க தினமும் அவர் அறைக்குப் போகிறேன். ஒரு மனிதரைப் பார்த்துப் பார்த்துக் கசந்துபோக அந்தப் பழக்கமே போதும். அவரை யாரும் பதவி சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ரிப்பன் சார் என்றால் சுமைதூக்குபவர் முதல் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் அதில் ஒரு சந்தோஷம் என்றே நினைக்கிறேன்.

பெயர் சும்மா வரவில்லை. ரிப்பன் வெட்டாமல் இங்கே எதுவும் வேலை செய்யத் தொடங்கக் கூடாது. தொழிலாளர் கழிப்பறைக்கு இரண்டு முறை திறப்பு விழா நடந்தது. சுவர் எழும்பியதும் ஒன்று, தண்ணீர் வந்ததும் ஒன்று. நடுவில் இருந்த மாதங்களில் கதவில் பூட்டுத் தொங்கியது. தொழிலாளர்கள் கிடங்குக்குப் பின்னால் போய் வந்தார்கள். கிரேனைக் கொக்கி வருவதற்கு முன்பே திறந்து வைத்தார்கள். தலைமை விருந்தினர் பொத்தானை அழுத்தினார், வெறும் கம்பி மேலே போனது, நாங்கள் கைதட்டினோம். தீயணைப்புப் பம்பு சிவப்பு வர்ணத்தில் பளபளக்கிறது. அதன் குழாய் மட்டும் உறை பிரிக்காமல் அவர் அலமாரியில் இருக்கிறது. "புதுசு சார், வெயில்ல போட்டா வீணாயிடும்." தீப்பிடித்தால் அலமாரிச் சாவியை யார் தேடுவது என்று ஒருநாள் கேட்டேன். "ஏன் சார் காலங்காத்தால அபசகுனமா பேசுறீங்க?" என்றார்.

"படம் இல்லைன்னா பணம் இல்ல" என்பது அவருடைய சித்தாந்தம். நிதி கொடுப்பவர்கள் எங்கோ தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கடற்காற்றில் பத்து நிமிஷம் நின்றவர் இல்லை. அறிக்கையோடு போகும் வண்ணப்படம்தான் அவர்களுக்குத் துறைமுகம். அதனால் படத்துக்குள் விழும் சுவருக்கு மட்டும் இங்கே வர்ணம். தட்டச்சுக்கு எடுத்த எழுத்தர் இன்று முழுநேரப் படக்காரர். சாரும் படங்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பீரமாக நிற்பார். படகில் மட்டும் ஏறமாட்டார். கட்டிப்போட்ட படகு ஆடுவதைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு காசு தொடமாட்டார். திருடராக இருந்தால் பிடித்து உள்ளே போட்டிருக்கலாம். இவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அவர் வருவதற்கு முன் இந்தத் துறைமுகத்தை இழுத்து மூடவே முடிவு செய்திருந்தார்கள். சம்பளம் நின்று போயிருந்தது. படம் படமாக அனுப்பி அவர்தான் நிதி கொண்டு வந்தார். இன்று அத்தனை குடும்பங்களில் அடுப்பு எரிவது அவரால்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்த நிதியில் வந்ததுதான் விளக்கு மிதவை. முகத்துவாரத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மணல்மேடு உண்டு. அது ஒரே இடத்தில் இருப்பதில்லை. வருஷத்துக்கு வருஷம் நகரும். மேடு எங்கே இருக்கிறது என்று காட்ட அங்கே நின்ற பழைய மிதவையை ஒரு புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதியது வந்து இறங்கியது. ஆளுயரத்துக்கு மேலே விளக்கும் மணியுமாக, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் சிவப்பு ரிப்பன் கட்டி, படகுத்துறையில் நிறுத்தி வைத்தார்கள். தலைமை விருந்தினர் தேதி கொடுத்தார், மாற்றினார், மறுபடி கொடுத்தார், மறுபடி மாற்றினார். வெயிலில் ரிப்பன் வெளுத்துப்போனது. சார் உடனே நடவடிக்கை எடுத்தார். புது ரிப்பன் வாங்கிக் கட்டினார்.

கப்பல்களுக்கு முன்னால் சென்று வழிகாட்டும் படகை ஓட்டுபவர் வேறு யாருமில்லை, சாருடைய மனைவியின் தம்பிதான். போன செவ்வாய்க்கிழமை காலை நான் முத்திரைக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்தத் தம்பி ஈரக் காலோடு உள்ளே வந்தார்.

"அத்தான், காத்து திரும்பிடுச்சு. சாயங்காலம் சிமெண்ட் கப்பல உள்ள கொண்டு வரணும். மிதவைய இறக்கிடலாம். கிரேன் சும்மாதான் நிக்குது. மேஸ்திரிகிட்டயும் பேசிட்டேன்."

"வியாழக்கிழமை பெரியவர் வர்றாரு மாப்ளே. ரெண்டு நாள் பொறுத்துக்கயேன்."

"நான் பொறுத்துக்குவேன், மழை பொறுத்துக்குமா? கரையில தெரியுற தண்ணித் தொட்டியையும் கொடிக்கம்பத்தையும் நேரா வச்சுப் பாத்துத்தான் உள்ள வர்றேன். மழை மறைச்சா ரெண்டும் தெரியாது. மேடு வேற போன வருஷம் இருந்த இடத்துல இல்ல."

"நீ கண்ண மூடிட்டே ஓட்டுவேன்னு உங்க அக்கா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. இப்ப என்னடா பயம்?"

"விளையாடாதீங்க அத்தான். இறக்கிட்டு, வியாழக்கிழமை அவரப் படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். அங்கயே ரிப்பன வெட்டட்டும்."

"அவரு செருப்பு நனையறதுக்கா இவ்ளோ தூரம் வர்றாரு? இங்க பாரு, இன்னைக்கு நீ இத இறக்கிட்டா அன்னைக்கு அவரு எதத் திறந்து வைப்பாரு? தண்ணியவா?"

தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். தம்பி என்னைப் பார்த்தார். "இறக்கிடுங்க சார், சரக்கு என்னோடது" என்றேன். "நீங்க முத்திரை வாங்கத்தான வந்தீங்க?" என்று கேட்டு, என் தாளில் ஓங்கி ஒரு குத்துக் குத்திக் கொடுத்தார். தம்பி வெளியே போனார்.

மாலையில் மழை வந்தது. சாதாரண மழை இல்லை. படகுத்துறையில் நின்று பார்த்தால் அடுத்த கம்பம் தெரியவில்லை. முன்னால் வழிகாட்டிப் படகு, பின்னால் சிமெண்ட் கப்பல். முகத்துவாரத்தில் படகு மணலில் ஏறி நின்றது. அடுத்து வந்த அலை அதைப் புரட்டிவிட்டது. கப்பல்காரர்கள் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கத்தியது, சார் அறையில் இருந்த எங்களுக்கு வயர்லெஸ்ஸில் கேட்டது: "படகு கவுந்துடுச்சு! ஆளக் காணோம்!"

சார் நாற்காலியை விட்டு எழுந்து, முதல் முறையாக ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் மழைதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் விஷயம் குடியிருப்புக்கு எட்டி, அவர் மனைவி வெறுங்காலோடு படகுத்துறைக்கு ஓடி வந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். அந்த அம்மா கடலைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்ற மிதவையைப் பார்த்தார்.

"இது ஏங்க இங்க நிக்குது?"

"வியாழக்கிழமை விழாவுக்கும்மா" என்று மேஸ்திரிதான் சொன்னார். அந்த அம்மா கணவரை விட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். குடை பிடிக்கப் போன எழுத்தரையும் வேண்டாமென்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு, அந்த ரிப்பனை அவிழ்த்து மனிதரின் கழுத்தில் சுற்றியிருப்பேன்.

மழை விட்டு இருட்டத் தொடங்கியபோது கப்பலின் சிறு படகு வந்தது. கவிழ்ந்த படகின் அடியைப் பிடித்துக்கொண்டு கிடந்த தம்பியைத் தேடி எடுத்திருந்தார்கள். நெற்றி கிழிந்து ரத்தம். ஒரு கை தொங்கியது. நிற்க முடியவில்லை; இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, "தம்பி, தம்பி" என்று முகத்தைத் தடவித் தடவி அழுதார். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். படமெடுக்கக் கைபேசியைத் தூக்கியிருந்த எழுத்தர்கூட, பார்த்துவிட்டு அதைக் கீழே இறக்கிவிட்டார்.

சாரும் அழுதார். பொய் அழுகை இல்லை, தோள் குலுங்கியது. அழுதுகொண்டே அவர்கள் இருவரிடமும் போனார். காலில் விழப்போகிறார் என்றே நினைத்தேன், மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். அவர் கிட்டே போய், எழுத்தரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மனைவியின் தோளில் கை வைத்து, அக்காவையும் தம்பியையும் மெதுவாக விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பி நிறுத்தினார்.