பேட்டரி தின்னும் சாவி

மனைவியின் அக்கா தங்கைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'எல்லாந்தெரிஞ்சவர்'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் பட்டம் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். சரக்குக் கிடங்கு ஒன்றில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வை என்பது மற்றவர்கள் மூட்டை தூக்கும்போது பக்கத்தில் நிற்பது. நன்றாகவே நின்றார், குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் நிற்பதை நிறுத்தவில்லை. குழாய் ஒழுகினால் குழாய்க்காரருக்குப் பாடம் எடுப்பார், பல் வலித்தால் பல் டாக்டருக்கு. பாடம் முடிந்தும் குழாய் ஒழுகினால் அது மனைவியின் கைங்கரியம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் விஷயத்தில் அந்தக் கோணல் கூடம் எப்போதும் அவளாகவே இருந்தாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறு மணிக்கே வரிசையில் நின்றுவிடுவார்கள். முன்பெல்லாம் இரண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவாள். நாற்பத்தொன்பதாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் பெயரிலேயே சின்னதாக ஒரு பழைய கார் வாங்கினாள். எல்லாந்தெரிஞ்சவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனால் எப்படி ஓட்ட வேண்டும் என்று தெரியும். வண்டி வந்த மறுநாளே, அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தனியாக ஒரு அலாரத்தை வாங்கிப் பொருத்த வைத்தார். அதற்கு இரண்டு ரிமோட் சாவிகள். ஒன்று அவளிடம் இருந்தது. இன்னொன்றைப் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டினார்.

காலையில் போகிற அந்த இருபத்தைந்து நிமிடம் அவளுக்கு உயிர். ரோடு காலியாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கென்று கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

மூன்றாவது மாதம் சாவி மக்கர் செய்தது. விடியற்காலையில் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. காரின் இரும்புச் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திறந்தாலோ, திருடன் வந்துவிட்டதாக அலாரம் தெருவையே எழுப்பியது, எஞ்சினும் கிளம்பவில்லை. உள்ளே இருந்த வட்டப் பேட்டரி தீர்ந்திருந்தது. புதிதாகப் போட்டாள். மூன்று வாரத்தில் அதுவும் தீர்ந்தது. இரண்டு முறை வேலைக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கினாள்.

"ஈரக் கையால தொட்டிருப்ப," என்றார் அவர். அடுத்ததற்கு, "மட்டமான பேட்டரியா பாத்து வாங்கியிருப்ப." அலாரம் பொருத்திய கடைக்குக் கொண்டு போனபோது கடைக்காரர் சாவியைப் பிரித்து, துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். "போர்டுல ஒரு குறையும் இல்லம்மா. பட்டனும் சிக்கல. ஒரு பேட்டரி ஒரு வருஷமாவது வரணுமே," என்று தலையைச் சொறிந்தார். எல்லாந்தெரிஞ்சவர் அவருக்கு ரேடியோ அலைகளைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வந்தது. "சாவி இனிமே என்கிட்ட இருக்கும். பீரோவுல இருக்கறத நீ வச்சுக்க. அதையும் கெடுத்துடாத." உண்மையில் அவள் பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பி வந்து ஆணியில் மாட்டும் சாவி, மீதிப் பொழுது முழுவதும் ஏற்கெனவே அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. அதை அப்போது அவள் யோசிக்கவில்லை.

ஆனால் அவள் தொழில் அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. ஒரு முடிவு சந்தேகமாக இருந்தால் நோயாளியைத் திட்டக் கூடாது. அதே ரத்தத்தை வேறு மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே அட்டையிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்து, ஒரே நாளில் இரண்டு சாவியிலும் போட்டு, தேதி எழுதி ஒட்டினாள். பத்தொன்பதாம் நாள் அவரிடமிருந்தது செத்தது. அவளுடையது கல்லுப் போல இருந்தது.

"ஒன் சாவி என் சாவியோட கரண்ட இழுக்குது," என்றார் எல்லாந்தெரிஞ்சவர்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டுக்கும் புதுப் பேட்டரி போட்டாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு சாவிகளையும் இடம் மாற்றி வைத்தாள். பார்க்க இரண்டும் ஒரே அச்சு. சீக்கு சாவியில் இருந்தால் இப்போது அவள் பைக்குள் வர வேண்டும். வரவில்லை. இருபதாம் நாள், இதுவரை நன்றாக இருந்த சாவி அவர் கையில் உயிரை விட்டது. சாவிகளை மாற்றி வைத்திருந்ததை அவரிடம் சொன்னாள்.

"பாத்தியா? சாவியில இல்ல கோளாறு, வண்டியிலதான். நான் மொதல்லயே சொன்னேன்," என்றார். அப்படி அவர் சொன்னதே இல்லை. "வித்துடலாம். கிடங்குல எங்கூட இருந்தவன் கேட்டுட்டிருந்தான், ஞாயித்துக்கிழம வரச் சொல்லிட்டேன். நீ பழையபடி பஸ்ஸுல போ. ஒனக்கு வண்டியெல்லாம் ஒத்து வராது."

அவளுக்கு மறுபடியும் அந்த இரண்டு பஸ், அந்தக் கம்பி.

அவர் சாவிக்குப் புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை விடுப்பு எடுத்தாள். பரிசோதனைக் கூடத்துப் பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மாடி வீட்டின் சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். எல்லாந்தெரிஞ்சவர் வழக்கம்போல மாடி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே, நேர் எதிரே கார். ஒரு பூனை காரை ஒட்டி நடந்தது. அவர் கை சட்டைப் பைக்குள் போயிற்று. 'பீப்'. கார் கண்ணைச் சிமிட்டியது. பூட்டியிருந்த காரை மறுபடியும் பூட்டினார். பார்சல்காரர் தன் வண்டியை அருகில் நிறுத்தினார், 'பீப்'. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட ஒரு பெண் வந்தாள், 'பீப்', அவள் திரும்பிப் பார்க்காததால் இன்னொரு 'பீப்'. யாருமே வராத நேரத்திலும் சும்மா இரண்டு.

இந்தச் சத்தம் இதற்கு முன்பும் கேட்டிருக்கத்தான் வேண்டும். அவர் எழுப்பும் சத்தங்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவள் எப்போதோ பழகிவிட்டாள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று என்று படிவத்தில் இழுத்துக்கொண்டே போனாள். விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாலு.

கிடங்கை விட்டு வந்த பிறகு அவர் சொன்னதும் "சரி" என்று பதில் சொல்லும் ஒரே ஜீவன் அந்தக் கார் என்பது அவளுக்குப் புரிந்தது. பரிதாபம் வந்திருக்கலாம். வரவில்லை. கோபமும் வரவில்லை. இந்த ஆளுக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று ஓர் இளக்காரம்தான் வந்தது. அது வந்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு நண்பர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தார். "நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கறீங்க?" என்றார்.

"சாவி பேட்டரிய தின்னுது. இவ கை ராசி அப்படி," என்றார் எல்லாந்தெரிஞ்சவர். சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு முறை அழுத்தினார்.

அவள் படிவத்தைக் கொண்டுவந்து நண்பரின் முன்னால் வைத்தாள். "இருநூத்திப் பதினஞ்சு. இது நேத்துக்கும் இப்பவுக்கும் சேத்து."

நண்பர் கோடுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "என்னப்பா இது? ஒரு தடவ பூட்டினா பூட்டினதுதானே?"

"பாதுகாப்புக்கு," என்றார் எல்லாந்தெரிஞ்சவர். "செக் பண்ணணும்ல. இந்தக் காலத்துல பேட்டரியெல்லாம் அப்படி மட்டமா செய்யறான்." குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

நண்பர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "நான் வர்றேன். வண்டிய விக்காதம்மா, நல்ல வண்டி."

கதவு சாத்தியதும் அவர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். "ஏங்க, வண்டி என் பேர்ல இருக்கு. விக்கறதா வேணாமான்னு நான் சொல்றேன். அந்தச் சாவிய நீங்களே வச்சுக்கங்க. பேட்டரி தீந்தா நீங்களே போய் வாங்கிக்கங்க. என் சாவிய இனிமே ஆணியில மாட்டமாட்டேன்."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியலில் அவள் கீழே இறங்கினாள். அவளுடைய சாவிக்குக் கார் உடனே திறந்தது. தெரு முனையில் திரும்புவதற்கு முன் கண்ணாடியில் பார்த்தாள். மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. பனியனோடு நின்றுகொண்டு, கையை வெளியே நீட்டி, கார் இருந்த இடத்தைப் பார்த்து அவர் அழுத்திக்கொண்டிருந்தார். கீழே எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. சத்தம் வராததால் இன்னும் பலமாக அழுத்தினார்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போனாள்.